பதிவிறக்க எண்ணிக்கையை அப்படியே அறிக்கையில் போடலாமா?

காவிரிப் படுகையின் கடைமடைப் பகுதியில் இயங்கும் ஒரு நிறுவனத்தில் தரவுப் பொறுப்பாளராக வேலை பார்க்கும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஊரையும் நிறுவனத்தையும் தவிர்த்துவிட்டு அதன் சாரத்தைத் தருகிறேன்.

மூன்று கல்லூரிகளும் ஒரு தொண்டு நிறுவனமும் சேர்ந்து நடத்தும் பொதுத் தரவுக் கிடங்கை அவர் பார்த்துக்கொள்கிறார். கிணற்று நீரின் உப்புத்தன்மை, மண் பரிசோதனை முடிவுகள், குறுவை, சம்பா, தாளடி மகசூல் விவரங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். நிதி வரும் மார்ச்சோடு முடிகிறது. நிதி கொடுத்தவர்கள், தொடர வேண்டுமானால் இந்தக் கிடங்கின் தாக்கத்தை எண்ணில் காட்டுங்கள் என்கிறார்கள். இயக்குநர், பதிவிறக்க எண்ணிக்கையைப் போடு, நன்றாகத்தானே ஏறியிருக்கிறது என்கிறார். வாசகி சர்வர் பதிவுகளைப் பிரித்துப் பார்த்திருக்கிறார். பெரும்பகுதி தேடுபொறி ரோபோக்கள், அதாவது தானாகவே இணையத்தை மேயும் நிரல்கள். மிச்சத்திலும் கொஞ்சம் சொந்த அலுவலகக் கணினிகள். அவற்றைக் கழித்தால் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. இதைச் சொன்னபோது, இப்போது அதைக் கிளற வேண்டாம் என்று பதில் வந்திருக்கிறது. ஆய்வுக் கட்டுரைகளில் இந்தத் தரவைக் குறிப்பிட்ட மேற்கோள்களைத் தேடினால் விரல்விட்டு எண்ணும் அளவுதான். மூலக் கோப்புகளை முழுதாகத் திறந்துவிட்டால் பயன்பாடு கூடும் என்று சக ஊழியர் ஒருவர் யோசனை சொல்கிறார். ஆனால் அவற்றில் விவசாயிகளின் பெயரும் புல எண்ணும் கைபேசி எண்ணும் இருக்கின்றன.

"பொய் சொல்லாமல் இதைக் காப்பாற்ற வழி உண்டா? இல்லை, யாருக்கும் பயன்படாத ஒன்றைத்தான் இத்தனை வருஷம் கட்டிக் காத்தேனா?" என்று கேட்கிறார். கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: "ஒருமுறை வேளாண் உதவி அலுவலர் ஒருவர் வந்து எங்கள் உப்பு வரைபடத்தை அச்செடுத்துக்கொண்டு போனார். அதையெல்லாம் எந்தக் கணக்கில் சேர்ப்பது?"

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான வரி அந்தக் கடைசி வரிதான். அதற்கு வருகிறேன். முதலில், நீங்கள் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கும் இரண்டு கேள்விகளைப் பிரித்துவிடுவோம். அந்த எண் சரியா என்பது ஒன்று. கிடங்கு பயன்படுகிறதா என்பது வேறொன்று. எண் தப்பு என்று தெரிந்ததும் பயனும் இல்லை என்ற முடிவுக்குப் போய்விட்டீர்கள். அது அவசரம். கல்லணையில் எத்தனை கன அடி திறந்தார்கள் என்பதை வைத்துக் கோடியக்கரைப் பக்கத்து வயல் நனைந்ததா இல்லையா என்று சொல்ல முடியாது. பதிவிறக்க எண்ணிக்கையும் அப்படித்தான். கூடினாலும் குறைந்தாலும் அது வாசலில் எடுத்த அளவு.

ரோபோக்களைக் கழிப்பதுதான் முறை

நிறுவனத்துக்கு எதிராக ஏதோ செய்துவிட்டோமோ என்ற தயக்கம் உங்கள் எழுத்தில் தெரிகிறது. தயங்க வேண்டாம். ஆராய்ச்சித் தரவின் பயன்பாட்டை எண்ணுவதற்கென்றே கவுன்டர் (COUNTER) என்ற சர்வதேச அமைப்பின் நடைமுறை விதிகள் 2018-ல் வெளிவந்தன. ரோபோக்களின் வருகையைக் கழித்துவிட வேண்டும்; ஒரே ஆள் ஒரே கோப்பை 30 விநாடிக்குள் இரண்டு முறை சொடுக்கினால் ஒன்றாகத்தான் எண்ண வேண்டும்; பக்கத்தைப் பார்த்ததையும் கோப்பை எடுத்ததையும் தனித்தனியாகக் காட்ட வேண்டும். நீங்கள் யாரும் சொல்லாமலே செய்தது ஏறக்குறைய இதுதான். உங்கள் அலுவலகக் கணினிகளைக் கழித்ததும் நல்ல காரியம்.

இயக்குநருக்குப் புரியும்படி சொல்ல இன்னொரு காரணமும் இருக்கிறது. செயற்கை நுண்ணறிவு மாதிரிகளுக்காக இணையத்தை வாரிச் சுருட்டும் ரோபோக்கள் இந்தச் சில ஆண்டுகளில் எல்லாக் கிடங்குகளையும் மொய்க்கின்றன. சர்வர் தாங்காமல் நாளைக்கு நீங்களே அவற்றைத் தடுக்க வேண்டி வரலாம். தடுத்த மாதமே எண்ணிக்கை தரைக்கு வந்துவிடும். இந்த ஆண்டு பெரிய எண்ணைக் காட்டியவர் அடுத்த ஆண்டு அந்தச் சரிவுக்கு விளக்கம் சொல்ல வேண்டும். மதிப்பீடு செய்ய வருபவரும் இந்தத் துறைக்காரராகத்தான் இருப்பார். ரோபோவைக் கழித்தீர்களா என்பதுதான் அவருடைய முதல் கேள்வியாக இருக்கும்.

மேற்கோள் எங்கே ஒளிந்திருக்கிறது

தரவுத்தொகுப்புகளுக்கு டிஓஐ என்ற நிரந்தர அடையாள எண் வழங்கும் டேட்டாசைட்டில் தேடினேன், சிலதான் கிடைத்தன என்கிறீர்கள். அங்கே கிடைப்பது டிஓஐ எண்ணோடு முறையாக மேற்கோள் பட்டியலில் ஏறியவை மட்டும். நம் ஊரில் தரவை எடுத்துப் பயன்படுத்துகிறவர்களில் பலர் கட்டுரையின் நடுவில் கிடங்கின் பெயரைச் சொல்லிவிட்டுப் போவார்கள். சிலர் நன்றியுரையில் சொல்வார்கள். சிலர் படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் போடுவார்கள். இவை எதுவும் டேட்டாசைட்டுக்குத் தெரியாது.

அதனால் வேறு இடங்களிலும் தேடுங்கள். முனைவர் பட்ட ஆய்வேடுகள் சோத்கங்காவில் முழுதாகவே கிடைக்கின்றன. வேளாண் பல்கலைக்கழக ஆய்வேடுகளுக்கு கிருஷிகோஷ் இருக்கிறது. கூகுள் ஸ்காலரில் கிடங்கின் பெயரை, சுருக்கப் பெயரை, இணைய முகவரியை, தப்பாக எழுதக்கூடிய எழுத்துக்கூட்டலைக்கூட விடாமல் போட்டுப் பாருங்கள். நாகப்பட்டினம், திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் வட்டாரத்து நிலத்தடி நீரைப் பற்றிய ஆய்வேடுகளை எடுத்து, உப்புத்தன்மை அட்டவணைக்குக் கீழே என்ன ஆதாரம் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். மெதுவான வேலைதான். ஒரு மாணவரைத் துணைக்கு வைத்துக்கொண்டால் முடித்துவிடலாம். அப்படியே ஒவ்வொரு தரவுத்தொகுப்பின் பக்கத்திலும் "இதை இப்படிக் குறிப்பிடுங்கள்" என்று மாதிரி வரி ஒன்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் போட்டுவையுங்கள். இனி வருகிறவர்களாவது சரியாகக் குறிப்பிடட்டும்.

காலத் தாமதத்தையும் கணக்கில் வையுங்கள். புரதங்களின் முப்பரிமாண வடிவங்களைச் சேர்த்துவைக்கும் புரோட்டீன் டேட்டா பேங்க் 1971-ல் வெறும் 7 வடிவங்களோடு தொடங்கியது. அரை நூற்றாண்டு கழித்து, அதில் சேர்ந்திருந்தவற்றைக் கொண்டு பயிற்சி பெற்ற, புரத வடிவங்களைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு என்ற செயற்கை நுண்ணறிவு நிரலுக்காக இருவருக்கு 2024-ன் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. உங்கள் கிடங்கு அந்த அளவுடையது இல்லை. ஆனால் ஒன்று இரண்டுக்கும் பொது: தரவை வைத்தவர் நினைத்த வேலைக்கு மட்டும் அது பயன்படுவதில்லை. ஐந்து ஆண்டுக் கிடங்கின் மேற்கோள் எண்ணிக்கை இறுதித் தீர்ப்பு ஆகாது என்று அறிக்கையில் ஒரு பத்தியாகவே எழுதலாம்.

அந்த அச்சுப் படம்

சரி, உதவி அலுவலருக்கு வருவோம். அவர் அந்த வரைபடத்தை எதற்குக் கொண்டுபோனார்? எந்தக் கிராமங்களில் உப்பைத் தாங்கும் நெல் ரகத்தைப் பரிந்துரைக்கலாம் என்று பார்க்கவா? எங்கே மண் மாதிரி எடுப்பது என்று முடிவு செய்யவா? கூட்டத்தில் காட்டவா? எடுத்துப்போய் மேசை மேலேயே போட்டுவிட்டாரா? உங்களுக்குத் தெரியாது. யாரும் அவரைக் கேட்கவில்லை. தாக்கம் என்று நிதி நிறுவனம் தேடுவது அந்தப் பதிலைத்தான். எந்த சர்வர் பதிவிலும் அது இருக்காது.

அவருக்கு நாளைக்கே போன் பண்ணுங்கள். என்ன செய்தீர்கள் என்று கேட்டபின் இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: இந்தப் படம் கிடைக்காமல் போயிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? என் கருத்தில் பொதுத் தரவுக் கிடங்கின் மதிப்பு முழுதும் இந்தக் கேள்வியில்தான் அடங்கியிருக்கிறது. "வேறு எங்கிருந்தாவது வாங்கியிருப்பேன்" என்றால் உங்கள் பங்கு சிறியது. "நானே ஊர் ஊராகப் போய் அளந்திருக்க வேண்டும்" என்றால் நீங்கள் மிச்சப்படுத்தியது அவருடைய ஒரு பருவத்து வேலை. "அந்த வேலையையே விட்டிருப்பேன்" என்றால், கிடங்கு இருந்ததால் மட்டுமே ஒரு காரியம் நடந்திருக்கிறது.

அவரைப் போல இன்னும் சிலர் இருப்பார்கள். மின்னஞ்சலில் கோப்பு கேட்டவர்கள், உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்திலிருந்து வந்தவர்கள், பாசன சங்கத்துக்காரர்கள், ஆய்வு மாணவர்கள். உங்கள் மின்னஞ்சல் பெட்டியைப் பின்னோக்கிப் புரட்டினாலே ஒரு பட்டியல் தேறும். இருபது பேரிடம் நிதானமாகப் பேசிய குறிப்பு, சுத்தம் செய்யாத பெரிய எண்ணைவிட எடை கூடியது.

இங்கே ஒரு எச்சரிக்கை. உப்பு வரைபடத்தைப் பார்த்து ஒரு கிராமம் ரகம் மாற்றியது, மகசூலும் கூடியது என்று தெரிந்தால் முழுப் பெருமையையும் எடுத்துக்கொள்ளத் தோன்றும். மேட்டூர் ஜூன் 12-ல் திறந்ததா, தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்ந்ததா, அறுவடை சமயத்தில் மழை கெடுத்ததா, எல்லாமும் அந்த மகசூலில் இருக்கின்றன. "எங்களால் ஆனது" என்று எழுதாதீர்கள். "இந்த முடிவுக்கு எங்கள் தரவும் உதவியது, சொன்னவர் இன்னார்" என்று எழுதினால் யாரும் அசைக்க முடியாது.

இனி வருகிறவர்களுக்காகப் பதிவிறக்கப் பக்கத்தில் இரண்டே கேள்வி வையுங்கள். எதற்காக எடுக்கிறீர்கள், ஆறு மாதம் கழித்துத் தொடர்புகொள்ளலாமா. பதில் சொல்லாமலும் எடுக்கலாம் என்றிருக்க வேண்டும். கட்டாயமாகக் கணக்குத் திறக்கச் சொன்னால் எண்ணுவது உங்களுக்கு எளிது; ஆனால் கைபேசியில் வரும் மாணவரும் ஊராட்சிக்காரரும் திரும்பிப் போய்விடுவார்கள். எண்ணுவதற்காகப் பயன்பாட்டைக் குறைப்பது தலைகீழான வேலை.

யாரும் தொடாத தரவுத்தொகுப்புகளையும் பாருங்கள். அதை அறிக்கையில் ஒளிக்க வேண்டியதில்லை, காரணத்தைச் சொல்லுங்கள். மண்ணில் உப்பு எவ்வளவு என்று காட்டும் மின்கடத்துதிறன் கோப்புகளில் நான் அடிக்கடி காணும் குறை ஒன்று உண்டு: அலகும் இருக்காது, அளந்த முறையும் இருக்காது. தண்ணீர் நிறைய ஊறிய மண்ணிலிருந்து எடுத்த சாற்றில் (நிறைவுற்ற மண்சாறு) மீட்டருக்கு 4 டெசிசீமனைத் தாண்டினால் உவர் மண் என்பது வழக்கமான எல்லை. ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து அளந்தால் அதே மண் குறைவாகக் காட்டும். மைக்ரோசீமனில் எழுதினால் எண் ஆயிரம் மடங்கு ஆகிவிடும். எந்த முறை என்று தெரியாத எண்ணை விவரம் தெரிந்த யாரும் தொடமாட்டார்கள். அந்தக் கோப்பைச் சேகரித்த பேராசிரியர் இன்னும் பணியில் இருக்கும்போதே கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள்.

ரூபாயில் சொல்லச் சொன்னால்

கேட்பார்கள். வெளிநாட்டு உதாரணங்களையும் காட்டுவார்கள். லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் காசுக்கு விற்ற காலத்தில், அதிகம் விற்ற 2001-லேயே ஆண்டுக்குச் சுமார் 25,000 படங்கள்தான் போயின. 2008-ல் இலவசமாக்க முடிவெடுத்தபின் ஆண்டுக்குப் பத்து லட்சத்தைத் தாண்டியது. ஆனால் அவற்றை வழங்கும் அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் அந்த எண்ணிக்கையோடு நிற்கவில்லை. பயன்படுத்துகிறவர்களிடமே இதற்கு நீங்கள் என்ன கொடுப்பீர்கள் என்று கேட்டு, 2011-ம் ஆண்டின் பயன் 200 கோடி டாலருக்கும் மேல் என்று மதிப்பிட்டது. ஐரோப்பிய உயிர்த்தகவலியல் நிறுவனத்துக்காக 2016-ல் வந்த அறிக்கை, பயனர்களுக்கு மிச்சமாகும் உழைப்பையும் நேரத்தையும் கணக்கிட்டு, குறைந்தபட்சம் ஆண்டுக்கு 100 கோடி பவுண்டு என்றது. நடத்தும் செலவைப் போல 20 மடங்குக்கும் மேல்.

இந்த மடங்குக் கணக்கை நீங்கள் நகல் எடுக்க வேண்டாம். அவர்கள் ஆயிரக்கணக்கான பயனர்களிடம் கேட்டுப் போட்ட கணக்கு அது. உங்களிடம் இருபது பேர் இருப்பார்கள். அவர்கள் சொல்வதை வைத்து மொத்தக் காவிரிப் படுகைக்கும் பெருக்கினால் கேலிக்கு இடமாகும். செய்ய முடிந்த கணக்கு ஒன்று உண்டு. உறுதியாகத் தெரிந்த பயனர்கள் ஒவ்வொருவரும் அந்தத் தரவைத் தாங்களே சேகரித்திருந்தால் மாதிரி எடுக்கும் கூலி, வண்டி, ஆய்வகக் கட்டணம் என்ன ஆகியிருக்கும் என்று உங்கள் நிறுவனத்தின் சொந்தச் செலவுக் கணக்கை வைத்தே போடுங்கள். நானே அளந்திருப்பேன் என்று சொன்னவர்களை மட்டும் சேருங்கள். சின்னத் தொகையாக வரலாம். பரவாயில்லை, ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் இருக்கும்.

இந்தக் கணக்குக்குள் அடங்காத ஒன்றைத் தனியாக எழுதுங்கள். போன கோடையின் கிணற்று நீரை இந்தக் கோடையில் போய் அளக்க முடியாது. 2004 டிசம்பரில் கடல் நாகப்பட்டினம் வயல்களுக்குள் வந்தபோதும், 2018 நவம்பரில் கஜா அடித்தபோதும் பின்னால் எழுந்த கேள்வி ஒன்றுதான்: இதற்கு முன்னால் இந்த நிலம் எப்படி இருந்தது? முன்னே அளந்து வைத்தவரிடம்தான் அதற்குப் பதில் இருக்கும். அந்தப் பதிலை எவ்வளவு பணம் கொடுத்தும் பிறகு வாங்க முடியாது. உங்கள் ஐந்து ஆண்டுப் பதிவு அடுத்த புயலுக்கு முந்தைய பதிவு. இதை உணர்ச்சிகரமாக இல்லாமல், எந்த ஒன்றியத்தில் எத்தனை கிணற்றுக்கு எத்தனை பருவம் இருக்கிறது என்ற அட்டவணையாகக் காட்டுங்கள்.

பெயரும் புல எண்ணும்

இதில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: திறந்துவிடாதீர்கள். தன் வயல் மண்ணைச் சோதித்துத் தரச் சொன்ன விவசாயி, தன் பெயரும் போன் நம்பரும் உலகத்துக்குத் தெரியட்டும் என்று சொல்லவில்லை. கிணறு உப்பாகிவிட்டது என்பது புல எண்ணோடு வெளியே போனால் நிலத்தின் விலையையும் குத்தகையையும் அது பாதிக்கலாம். 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. ஆராய்ச்சிக்கும் புள்ளிவிவரத்துக்கும் அதில் விலக்கு உண்டு என்று உங்கள் சக ஊழியர் சொல்லலாம். உண்மைதான். ஆனால் அது தனிப்பட்ட ஒருவரைப் பற்றி முடிவெடுக்கப் பயன்படாத, குறித்த தரநிலைப்படி கையாளும் தரவுக்கான விலக்கு. பெயரோடு இணையத்தில் போட அது அனுமதி ஆகாது.

பெயரையும் கைபேசி எண்ணையும் நீக்கி, இடத்தை வருவாய்க் கிராம அளவில் வைத்தாலே பெரும்பாலான பயனர்களுக்குப் போதும். நுணுக்கமான இடம் வேண்டும் என்கிற ஆய்வாளர் எழுதிக் கேட்கட்டும், ஒப்பந்தம் போட்டுக் கொடுங்கள். அந்தக் கோரிக்கைகளும் உங்கள் தாக்கத்துக்கு நல்ல சான்றாகும். யார், எதற்காக என்பது எழுத்திலேயே கிடைத்துவிடுகிறதே.

இயக்குநரிடம்

உங்களுக்கு மூன்று வழி இருக்கிறது. அவர் சொன்னபடி போட்டுவிடுவது, முடியாது என்று மறுப்பது, இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு விளக்கக் குறிப்பு சேர்ப்பது. மூன்றாவதே சரி. மொத்தம் இவ்வளவு, நடைமுறை விதிகளின்படி வடிகட்டியபின் இவ்வளவு, வித்தியாசத்துக்குக் காரணம் இது. அவருக்கும் முகம் கோணாது, உங்களுக்கும் உறுத்தாது.

பேசியபின் அதையே ஒரு மின்னஞ்சலாக எழுதி அனுப்பிவிடுங்கள். குற்றம் சாட்டும் தொனி வேண்டாம். "ஐயா, நாம் பேசியபடி இரண்டு எண்களையும் இணைத்திருக்கிறேன்" என்று போதும். இதில் கையெழுத்துப் போட்டால் நிதி மோசடியில் மாட்டுவேனா என்று பயந்திருக்கிறீர்கள். பணம் எப்படிச் செலவானது என்று சொல்லும் பயன்பாட்டுச் சான்றிதழ் வேறு, தாக்க அறிக்கை வேறு. அந்தச் சான்றிதழுக்குப் பொறுப்பு நிறுவனத் தலைமையும் கணக்குப் பிரிவும். ஆனாலும் தாக்க அறிக்கையில் இருப்பது நீங்கள் தெரிந்தே சொன்ன வார்த்தை. கொடுத்தது அரசுப் பணம் என்றால் அந்த அறிக்கையைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் யாரும் கேட்டு வாங்கலாம். மின்னஞ்சலுக்குப் பிறகும் வடிகட்டாத எண்ணை மட்டும் அனுப்புவதென்று அவர் முடிவெடுத்தால், அந்தப் பகுதியைத் தயாரித்தவராக உங்கள் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நிதி வராமலே போனால்

நேர்மையான அறிக்கைக்கு நிதி நிச்சயம் என்று என்னால் உறுதி தர முடியாது. அதனால் இந்த ஏற்பாட்டை அறிக்கைக்குக் காத்திருக்காமல் இப்போதே செய்யுங்கள். பெயர் நீக்கிய கோப்புகளின் ஒரு பிரதியை ஜெனோடோவில் வையுங்கள். 2013 முதல் செர்ன் என்ற ஐரோப்பிய அணு ஆராய்ச்சி நிறுவனம் நடத்தும் கிடங்கு அது. கட்டணம் இல்லை, டிஓஐ எண்ணும் கிடைக்கும். ஏற்கெனவே உங்களிடம் டிஓஐ பெற்றவை இருந்தால், சர்வர் நின்றபின் அந்த எண் எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்பதை மாற்றும் உரிமை யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். அது வேலையை விட்டுப் போன ஒருவரின் கணக்கில் இருந்தால் உடனே நிறுவனத்தின் பெயருக்கு மாற்றுங்கள். பெயர் உள்ள மூலக் கோப்புகள் அந்தந்தக் கல்லூரியின் பாதுகாப்பில் இருக்கட்டும்.

இதற்கெல்லாம் மூன்று கல்லூரிகளின் சம்மதமும் தொண்டு நிறுவனத்தின் சம்மதமும் எழுத்தில் வேண்டும். கிடங்கு தொடங்கியபோது வாய்வார்த்தையாகப் பேசி முடித்தோம் என்று எழுதியிருக்கிறீர்கள். மார்ச்சில் எல்லோருக்கும் தேர்வு வேலை வந்துவிடும். அந்த நான்கு கடிதங்களையும் இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.